முகர்ந்த பூ

முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. இது விதி. இதற்கு உட்பிரிவு கிடையாது, வயது வரம்பு கிடையாது, தர்மகர்த்தா விரும்பினால் தளர்த்திக்கொள்ளலாம் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. வருவாய்த்துறையில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை நான் படித்த விதிகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை முதல் பத்தியில் கொடுப்பதைக் கடைசிப் பத்தியில் பிடுங்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய, சொன்னபின் சந்தேகமே எழாத இப்படி ஒரு விதியை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. அதைத்தான், எனக்குக் கற்பித்தவர்களே, என் கண்ணெதிரில், நான் வளர்த்த பூவை வைத்தே மீறினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. இன்னும் கோபம் ஆறவில்லை.

விதி தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று யாரும் வாதாட முடியாது. மீறிய அதே வெள்ளிக்கிழமை காலையில் அதே விதியை அமல்படுத்தியும் இருக்கிறார்கள். எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் சித்திரையில் பூச்சொரிதல் நடக்கும். கோடைச் சூட்டில் அம்மன் குளிர வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஒரு கூடை பூ கொண்டுபோய் இரவில் அவள் தலையில் கொட்டுவார்கள். அன்று காலை மேலத்தெருவிலிருந்து ஒரு அம்மாள் அரளியும் நந்தியாவட்டையும் கலந்த கூடையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். கோயில் தர்மகர்த்தா எங்கள் பெரியப்பா. அந்த அம்மாளின் இடுப்பில் இருந்த குழந்தை வழியில் ஒரு பூவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

"கொழந்ததானே ஐயா, அதுக்கு என்னா தெரியும்" என்றாள் அவள்.

"அதுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமுல்ல. எடுத்துட்டுப் போ, வேற பூ கொண்டா" என்றார் பெரியப்பா.

கூடை திரும்பிப் போயிற்று. நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கு, விசாரணை, தீர்ப்பு மூன்றும் அவர் வெற்றிலை மடிப்பதற்குள் முடிந்துவிட்டன. இதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் எந்தப் பூவைப் பற்றிப் பேசினாலும் இந்தத் தீர்ப்பைத்தானே மேற்கோள் காட்ட வேண்டும்?

எங்கள் ஊர் அரியலூருக்கு மேற்கே, பெரம்பலூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். அப்பாவுக்குத் திருச்சியில் ரயில்வே வேலை, எப்போதாவது வருவார். நிலம், மாடு, கோயில், வீட்டு நியாயம் எல்லாம் பெரியப்பா. சமையலும் சாமான் அறைச் சாவியும் பெரியம்மா. அம்மா இவர்கள் இருவர் சொல்வதையும் கேட்பவள். அதிலும் பெரியப்பாவோடு அவள் நேரில் பேசியதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, "மாமாகிட்ட சொல்லுங்கக்கா" என்று பெரியம்மாவிடம் சொல்வாள். பெரியப்பா கேட்டுக்கொண்டு, பதிலைப் பெரியம்மாவிடம் சொல்வார். எல்லாமே உரிய வழியில்தான் நடக்கும்.

அதற்கு முந்தைய ஆடி மாதத்தில் பெரியப்பா ஒரு நாள் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் அவரே மண்வெட்டியைப் பிடித்துப் பாத்தி வெட்டியிருந்தார். பண்ணையாட்கள் இருக்கும்போது அவர் ஏன் வெட்டினார் என்று நான் கேட்கவில்லை. குரும்பலூரிலிருந்து என் தாய்மாமன் கொண்டுவந்த குண்டுமல்லிப் பதியன்கள் ஈரச்சாக்கில் கிடந்தன. அவற்றை என் கையாலேயே நட வைத்தார்.

"இது ஒன் பாத்தி, பாப்பா. நீதான் தண்ணி ஊத்தணும். நீதான் களை புடுங்கணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. நட்டவள் நான், நீர் ஊற்றுபவள் நான், பிறர் கை வைக்கத் தடையும் இருக்கிறது. இதற்குப் பெயர் அனுபவ பாத்தியம் என்று பின்னாளில் படித்தேன். படிக்காத வயதிலேயே எனக்கு அதன் பொருள் விளங்கியிருந்தது.

அந்த மண்ணில் பூச்செடி வளர்ப்பது சும்மா இல்லை. எங்கள் பக்கத்து மண் ஒரு சாண் தோண்டினால் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் காட்டும். தண்ணீரும் அப்படித்தான். வெந்நீர்த் தவலையின் அடியில் ஓடு பிடிக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த மல்லிச் செடி இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் நின்றது. புளித்த மோர் ஊற்றினால் சரியாகும் என்று மாட்டுக்காரர் சொன்னார். மோர் பெரியம்மாவின் ஆட்சிக்கு உட்பட்டது. கேட்டேன், கிடைக்கவில்லை. கேட்காமல் எடுத்தேன், கிடைத்தது. செடி பச்சை கண்டது. அதற்குள் எதிர்வீட்டு ஆடு வேலியில் தலையை விட்டு ஒரு ஓரத்தை மொட்டையடித்துவிட்டது. முள் வெட்டிப் போட்டு அடைத்தேன். மாசியில் பெரியப்பா அரிவாளோடு வந்து எல்லாச் செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிஞ்சிய இலையையும் உருவிப் போட்டார். இப்படிச் செய்தால்தான் கோடையில் பூக்கும் என்றார். நம்பாமல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். பங்குனியில் துளிர்த்தது. மொட்டு வந்ததும் மொட்டுப்புழு வந்தது. வெள்ளை மொட்டில் ஊதாக் கறை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். விடியற்காலையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக் கிள்ளி எறிவேன்.

சித்திரை பிறந்ததும் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. யுத்த காலம், நல்ல கயிறு கிடைக்காது. முடிச்சுப் போட்ட கயிற்றில் பெரியம்மாதான் இறைப்பாள். ஒரு குடம் இறைப்பதற்குள் ஊரில் உள்ள எல்லாரையும் திட்டி முடித்துவிடுவாள். ஆனால் என் பாத்திக்கு என்று தினமும் குடத்தை ஒதுக்கி வைத்தாள். மாட்டுக்கே அளந்து ஊற்றிய அந்தச் சித்திரையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சலுகை தாராளமாக வந்தால் பின்னால் என்ன வரும் என்று ஆராயும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். சாயங்காலம் வெயில் இறங்கியதும் அதில் தண்ணீர் விட்டுப் பாத்தியின் மேல் பிடிப்பேன். சுட்ட மண்ணில் முதல் துளி விழும்போது ஒரு வாசனை எழும். அது அடங்குவதற்குள் மல்லி மொட்டு வாய் விட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தால் மாட்டுக்கொட்டகை இருப்பதே மறந்துவிடும். குனிந்து மூக்கை வைத்தால் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"மோந்து பாக்காதடி."

"ஏன்?"

"மோந்த பூவு சாமிக்கு ஆகாது."

"இது சாமிக்கா?"

அதற்குப் பதில் வராது. அம்மா முதுகுக்கும் கண் உண்டு. பங்குனி முழுக்க, சித்திரை முழுக்க, நான் குனிந்த ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு வாக்கியம் வந்தது. விதியை நான் அறியாதவள் அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பூ எதற்கு என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. அதைச் சொல்ல என் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய வைகாசியில் எனக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. பெரியப்பாவின் ஒரே பிள்ளை அவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒரே அறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். நான் எழுந்தேன். அவன் எழவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனியில் என்னைச் சமயபுரத்துக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்தார்கள். என்னைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போனபோது எதிர்வீட்டுப் பெண் எனக்கு மொட்டைக் கத்தரிக்காய் என்று பெயர் வைத்தாள். முகத்தில் தழும்பு வேறு இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. முடி விரல் நீளம் வளர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. அவளுக்குப் பின்னல் இடுப்பு வரைக்கும் தொங்கும். அதில் ஒவ்வொரு கோடையிலும் மல்லி மொட்டுத் தைத்து, அரியலூர் கடைத்தெருவில் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு படம் பிடிப்பவரிடம் போய், பின்னல் கண்ணாடியில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு வருவாள். பள்ளிக்கூடம் திறந்ததும் அதை ஒருநாள் கொண்டுவந்து காட்டுவாள்.

பூத் தைப்பதற்குச் சொந்த முடி அதிகம் வேண்டியதில்லை. சவுரி வைத்துப் பின்னி, வாழைப்பட்டையில் மொட்டை வரிசையாகத் தைத்துப் பின்னல் மேல் கட்டிவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மா அதில் கைகாரி. "சித்திரையில ஒன் செடி நல்லா பூக்கும், அப்ப தச்சு விடறேன்" என்று பங்குனியில் ஒரு நாள் பேன் பார்க்கும்போது சொல்லியிருந்தாள். எழுத்தில் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை மொட்டு உச்சத்தில் இருந்தது. அன்று பூத் தைத்துக்கொண்டு மறுநாள் வண்டியில் அரியலூர் போவது என்று நான் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டேன். பச்சைப் பட்டுப் பாவாடையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியப்பா சொன்னார்.

"பாப்பா பூவு பூராவும் இன்னிக்கு அம்மனுக்கு. அது கையாலயே பறிச்சு வெக்கச் சொல்லு."

என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே பெரியம்மாவிடம் சொன்னார்.

"எல்லாப் பூவுமா?" என்றேன்.

"ஆமா."

"எனக்குத் தச்சு விடறேன்னு பெரியம்மா சொல்லுச்சு."

"அடுத்த வருஷம் தச்சுக்கலாம். கேள்வி கேக்காத."

ஒரு துண்டு நிலத்தை அரசாங்கம் எடுக்க வேண்டுமானால் முதலில் அறிவிப்பு வர வேண்டும். எந்தக் காரியத்துக்கு என்று அதில் இருக்க வேண்டும். ஆட்சேபணை சொல்ல அவகாசம் தர வேண்டும். சொன்ன ஆட்சேபணையை ஒரு அதிகாரி உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டதுபோல் நடிக்கவாவது வேண்டும். இத்தனையும் பிற்காலத்தில் நானே பலருக்குச் செய்திருக்கிறேன். ஒரு தரிசு நிலத்துக்கு உண்டான மரியாதைகூட என் பாத்திக்கு இல்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அம்மா என்னைக் குளிப்பாட்டினாள். துவைத்த பாவாடை கட்டிவிட்டாள். ஒரு புதுக் கூடையில் ஈரத்துணி விரித்துக் கையில் கொடுத்தாள். வேறு யாரும் உதவிக்கு வரவில்லை. நான் ஒவ்வொரு செடியாகப் பறித்தேன். பாத்தி ஓரத்தில் இருந்த கனகாம்பரத்தையும் பறிக்கச் சொன்னாள். பெரியவர்கள் மூவரும் கொல்லைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அங்கே நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நின்றது நல்லதாகப் போயிற்று. சாட்சி இருந்தது.

கடைசி மொட்டு விழுந்ததும் கூடையை இரண்டு கையாலும் தூக்கினேன். முகத்தை உள்ளே விட்டேன். காது வரைக்கும் பூ. நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்தேன். விட்டுவிட்டு இன்னொரு தடவை இழுத்தேன். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, அதை முகர்ந்தால் அது முகர்ந்த கணக்கில் சேருமா என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் அதை மட்டும் தனியாக அள்ளி மூக்கில் தேய்த்துக்கொண்டேன். பிறகு தலையைத் தூக்கிச் சொன்னேன்.

"மோந்துட்டேன். இனிமே இது சாமிக்கு ஆகாது. எனக்குத்தான்."

அடி விழும் என்று தெரியும். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அடி வாங்கினாலும் பூ என்னுடையது என்பதில் மாற்றம் இல்லை.

அடி விழவில்லை. பெரியம்மா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னா காரியம்டி பண்ணிட்ட" என்றாள். குரலில் கோபமே இல்லை. அம்மா ஓடிவந்தாள். வந்தவள் கையை ஓங்கவில்லை. என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. அம்மா திரும்பி, கதவும் இல்லாமல் பெரியம்மாவும் இல்லாமல், நேராகப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மாமா, என்னா பண்றது மாமா. வேற பூவு ஆகாதே. இவ வளத்த பூவுதானே சொன்னது."

பெரியப்பா மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். என் கையிலிருந்து கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். தர்மகர்த்தா தலையில் கூடையைத் தூக்கி எங்கள் தெரு பார்த்ததில்லை. செருப்பும் போடாமல் நடந்தார். மண் அப்போதும் சுட்டது. நான் பக்கத்திலேயே ஓடினேன். பூவும் போச்சு, விதியும் போச்சு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

"பெரியப்பா, மோந்த பூவு ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"ஆமா."

"காலையில அந்தக் கூடையத் திருப்பி அனுப்புனீங்க."

"ஆமா."

"அப்ப இது மட்டும் எப்படி ஆகும்?"

"ஆகாதுதான்" என்றார். "நட."

இப்படி ஒரு பதிலை அதற்குப் பிறகு என் உத்தியோக வாழ்க்கையில் நான் கேட்டதே இல்லை. விதியை மீறுகிறவர்கள் விதிக்கு வேறு அர்த்தம் சொல்வார்கள், விதியே பொருந்தாது என்பார்கள், மேலிடத்து உத்தரவு என்பார்கள். பொருந்தும், மீறுகிறேன், நட என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

கோயிலில் அவர் எதையும் மறைக்கவும் இல்லை. கூட்டத்தின் நடுவே பூசாரியிடம் கூடையை நீட்டி, "இதப் புள்ள மோந்துட்டுது. தெரிஞ்சேதான் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

பூசாரி கையை நீட்டவில்லை. "ஐயா, அது எப்படிங்க. ஊரு பேசுமுங்க."

"பேசட்டும். குத்தம் எம்மேல இருக்கட்டும். கொட்டுங்க. ஏத்துக்கிட்டாளான்னு வெள்ளிக்கிழம கேட்டுக்கலாம்."

மேலத்தெரு அம்மாளும் அங்கே நின்றாள். வேறு பூ தேடிப் பறித்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் பெரியப்பாவைப் பார்த்த பார்வையில் நானும் என் பார்வையைச் சேர்த்துக்கொண்டேன். என் மல்லி மொட்டுகள் அம்மனின் தலையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து மடிக்கும் உருண்டன. அந்தப் பின்னலுக்கு எத்தனை வரிசை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அரியலூர் போகவில்லை. போட்டோ எடுக்கவில்லை. பெரியப்பா சொன்ன அடுத்த வருஷத்தில் செடி பூத்தது, நான் பாவாடை மடிக்கவில்லை. மனு தள்ளுபடியான பிறகு அதே மனுவைக் கொடுப்பவள் நான் இல்லை.

காரணம் எனக்குச் சொல்லப்பட்டது நான் வேலைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆன பிறகு. அம்மாதான் சொன்னாள், சாதாரணமாக, கீரை ஆய்ந்துகொண்டே. அம்மை போட்டிருந்தபோது பெரியப்பா ஒரு வேண்டுதல் செய்திருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே வேண்டுதல். பிழைத்து எழுந்தால் இரண்டு பேரும் தங்கள் கையாலேயே பூச்செடி வைத்து, தண்ணீர் ஊற்றி, அடுத்த பூச்சொரிதலுக்கு அந்தப் பூவைக் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. பெரியப்பா செலுத்த வேண்டியதை முழுவதும் செலுத்தினார். நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும் வரை வெளியே சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. அந்த விதியை மட்டும் வீட்டில் மூவரும் ஒரு எழுத்துப் பிசகாமல் காத்திருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மூக்கைக் கூடையில் விட்டிருக்க மாட்டேன். இது என் தரப்பு. அம்மாவிடம் அப்போதும் சொன்னேன். அவள் கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே, "நீ அப்ப எலும்பும் தோலுமா இருந்த" என்றாள். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை.

ஆக, பூச்சொரிதல் முடிந்த மறுநாளிலிருந்து வீட்டில் எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் புறங்கை. காலையில் கண் விழிக்கும்போது நெற்றியில் இருக்கும். சாப்பிடும்போது கழுத்துக்கு வரும். வெயிலில் ஓடிவந்தால் உடம்பு சுடத்தானே செய்யும்? சுட்டால் அவள் முகம் வெளுத்துவிடும். வேர்க்குரு ஒன்று முதுகில் வந்ததற்குப் பெரியம்மாவைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். குழம்பில் தாளிப்பது நின்றுபோயிற்று. என் பாய்க்கு அடியில் வேப்பிலை வைத்தார்கள். தண்டனை என்றால் தண்டனை என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டாமா?

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். இனி அது என்னுடைய பொறுப்பில் இல்லை என்று பெரியம்மாவிடம் முறைப்படி தெரிவித்தேன். "சரி போ" என்றாள். செடி வாடும், அப்போது வந்து கெஞ்சுவார்கள் என்று இருந்தேன். வாடவில்லை. ஒரு நாள் கருக்கலில் கொல்லைக்குப் போனபோது பெரியப்பா மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பாத்தியில் நின்றார். வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அம்மனிடம் கேட்பது என்றால் எங்கள் ஊரில் பூவாக்குக் கேட்பது. அம்மனின் கல் சிலையை நனைத்து, இரண்டு தோளிலும் ஒவ்வொரு அரளிப் பூவை ஒட்டி வைப்பார்கள். வலது தோள் பூ விழுந்தால் ஆம். இடது தோள் பூ விழுந்தால் இல்லை. விழும் வரை காத்திருக்க வேண்டும். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதுக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். பூ விழவில்லை. விளக்கில் எண்ணெய் இறங்கும் வரை நின்றோம்.

"ஆத்தா வாய் தெறக்கலீங்க. அடுத்த வெள்ளி பாப்போம்" என்றார் பூசாரி.

எங்கள் அலுவலகத்தில் இதற்கு நிலுவை என்று பெயர்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை இடது தோள் பூ கொஞ்சம் அசைந்தது. ஒரு நெல் அளவு கீழே சறுக்கியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்து வலித்தது. கையை உருவப் பார்த்தேன், விடவில்லை. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெரியப்பா மட்டும் கண் கொட்டாமல் பார்த்தார். பூ அதற்கு மேல் நகரவில்லை. அன்றும் திரும்பினோம். ஒரு பூவை முகர்ந்ததற்கு இத்தனை கோபமா என்று நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு நடந்தார்.

அதற்கடுத்த தடவை போனபோது வெயில் கடுமை. சந்நிதியில் காற்றே இல்லை. பூசாரி பூவை ஒட்டிவிட்டு ஒதுங்கினார். நான் தூணில் சாய்ந்து ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றேன். சத்தமே இல்லாமல் வலது தோள் பூ தட்டில் விழுந்தது.

"உத்தரவு ஆயிடுச்சுங்க" என்றார் பூசாரி.

அம்மா என் கையை விட்டாள். மூன்று வாரமாகப் பிடித்திருந்ததை விடுவதுபோல் விட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பெரியம்மாவின் தோளில் சாய்ந்து வெளியே போனாள். நானும் போனேன். பெரியப்பா வரவில்லை.

படியிலிருந்து பார்த்தால் சந்நிதி நேராகத் தெரியும். பூசாரி கேட்பதும் காதில் விழுந்தது. "ஐயா, வேற ஏதாச்சும் கேக்கணுமுங்களா?"

பெரியப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை. அம்மனின் இடது தோளில் அந்த இன்னொரு பூ ஒட்டியபடியே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூசாரி விளக்கைத் தூண்டினார், தட்டைத் துடைத்தார், மணியை எடுத்து ஓரமாக வைத்தார். பெரியப்பா நின்றுகொண்டே இருந்தார்.

எனக்குப் பசி. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. சாதகமாகவும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு மனிதர் அங்கே நிற்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சுட்ட படியில் பாவாடையை மடித்துப் போட்டு உட்கார்ந்து, பெரியப்பாவால் எதிலும் தாமதம்தான் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அன்று வைகாசி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை. எங்கள் இருவருக்கும் அம்மை போட்டு ஒரு வருஷம்.